களவு போகாத சைக்கிள்

பாண்டீஸ்வரனுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் ஓர் ஆசை நிறைவேறியது. அன்றோடு அவருக்கு நிம்மதி போயிற்று.

புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கலர் சார்ட்டர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அரிசியோடு வரும் கறுப்பு மணியையும் கல்லையும் அந்த இயந்திரம் கண்டுபிடித்து ஊதித் தள்ளிவிடும். அது ஒழுங்காகப் பார்க்கிறதா என்று இவர் பார்க்க வேண்டும். ஒன்பது மணி நேரம் நின்றபடி, காது அடைக்கும் இரைச்சலில், தவிட்டுத் தூசியில் இதைச் செய்துவிட்டு, காரைக்குடியின் ஒரு கோடியில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். பதினொரு வருஷம் இப்படியே போயிற்று. அப்புறம் மூன்று தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்து, கோயம்புத்தூரில் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு என்ஜினியரிடமிருந்து ரோடு பைக் ஒன்றை வாங்கினார்.

அது பந்தயத்துக்குச் செய்த சைக்கிள். மொத்த எடையே ஒன்பது கிலோ. ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம். கைப்பிடி ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயர் பெருவிரல் தண்டி. நிறம், மழை வருவதற்கு முன்னால் வானம் கொள்கிற கருநீலம். ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்லும் கிடையாது. அவர் மனைவி ரேணுகா அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவும் இல்லாததற்கா இவ்வளவு விலை என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் காலை ஆறு மணிக்கு அதில் ஏறி, சாக்கோட்டையைத் தாண்டிப் போகும்போது பாண்டீஸ்வரனுக்கு வயசு குறைந்துவிடும். நெல் லாரிகள் இன்னும் கிளம்பியிருக்காது. சங்கிலி ஓடுகிற சத்தமும் காற்றும்தான். பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். ஒரு நாளில் யாரும் அவரிடம் எதுவும் கேட்காத, யாருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டாத முப்பத்தைந்து நிமிஷம் அது. சர்க்கரைகூட நூற்று நாற்பதுக்கு இறங்கியது.

பயமும் கூடவே வந்தது. இரண்டு பூட்டு வாங்கினார். இரண்டும் சேர்ந்து சைக்கிளில் பாதிக் கனம் கனத்தன. ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள முதலாளி சம்மதித்தார். வீட்டில் அது டிவிக்கு முன்னால் நின்றது. ரேணுகா சீரியலை இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் பார்த்தாள். வழியில் டீ குடிக்க இறங்கினால் பாண்டீஸ்வரன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்வார். ஒரு கையில் கிளாசும் ஒரு கையில் சக்கரமுமாக நிற்பவரைப் பார்த்து, மற்றக் கைகளுக்குச் சங்கும் கதாயுதமும் வேண்டுமா என்று டீக்கடைக்காரர் கேட்டார். பாண்டீஸ்வரன் சிரிக்கவில்லை.

இந்த நிலையில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் சைக்கிள் களவு போயிற்று. கருப்பம்மாள் அதில் தெருத்தெருவாகப் பூ விற்பவள். காவல் நிலையத்துக்குப் போனாள். அவர்கள் அன்போடு கேட்டுக்கொண்டு, 'வைத்த இடம் மனுதாரருக்கு நினைவில்லை' என்று எழுதி ரசீது கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 'திருட்டில்லா நகரம்' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். பொதுமக்கள் தங்கள் விலையுயர்ந்த பொருள்களின் விவரங்களை நிலையத்தில் பதிந்துகொண்டால், களவு போனதும் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று ஆட்டோ சொல்லிக்கொண்டு போனது.

"நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு நம்மளே போயி எதுக்குங்க சொல்லணும்?" என்றாள் ரேணுகா.

பிரேமின் அடியில் அடித்திருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளப் போகிறார்கள், அவ்வளவுதானே என்றார் பாண்டீஸ்வரன். ஆலைக்கு விடுமுறையான ஒரு திங்கட்கிழமை, சைக்கிளை நன்றாகத் துடைத்து, அதில் ஏறியே நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்பது நமக்கு வேண்டாம்.

நிலைய எழுத்தர் புஷ்பவள்ளி நாற்பது வயதுப் பெண்மணி, தலைமைக் காவலர். பொறுமைசாலி. விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெயர், முகவரி, பொருளின் விவரம், மதிப்பு எல்லாம் எழுதினார். மதிப்பு எண்பத்தையாயிரம் என்றதும் பேனாவை நிறுத்தி, வாசல் வழியாக சைக்கிளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் கேட்டார்.

"களவு போன தேதி?"

"இன்னும் போகலம்மா."

"போகாம எப்புடிண்ணே வந்தீக? இந்தக் கட்டத்தக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். எப்போது போகலாம் என்று அவர் ஒரு உத்தேசம் சொன்னால் போதும் என்றார் புஷ்பவள்ளி. பாண்டீஸ்வரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மாதக் கடைசித் தேதியைப் புஷ்பவள்ளியே போட்டுக்கொண்டார். சந்தேகப்படும் நபர் என்ற கட்டத்தில், 'இனிமேல்தான்' என்று எழுதினார்.

கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் அறையில் இருந்த திரைக்கும் அனுப்பிவிட்டது. எண்பத்தையாயிரம் ரூபாய்த் திருட்டு, தேதி முப்பத்தொன்று என்று கண்டதும் இன்ஸ்பெக்டர் முத்தரசு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அவர் பதறியதற்குக் காரணம் சுவரில் தொங்கியது. 'இந்த நிலைய எல்லையில் திருட்டு நடக்காத நாள்கள்' என்று எழுதி, கீழே சுண்ணாம்புக்கட்டியால் எண்பத்தெட்டு என்று போட்டிருந்தது. நூறாவது நாள் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. எண்பத்தெட்டு நாளும் ஒரு புகார்கூடத் திருட்டு என்று பதிவாகாமல் நிலையம் கண்ணும் கருத்துமாக இருந்தது. கருப்பம்மாளின் சைக்கிள் மறதியில் சேர்ந்தது. ஒரு வீட்டில் கதவை உடைத்துக் குத்துவிளக்கை எடுத்துப் போனது காற்றில் சேர்ந்தது.

முத்தரசு சைக்கிளைச் சுற்றி வந்தார். கியரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, தூக்க முடிந்ததில் கவலைப்பட்டார். பிறகு பாண்டீஸ்வரனை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துப் பேசினார்.

"அண்ணே, நீங்க நல்ல மனுசன்தான். ஆனா செய்ற காரியம் என்னன்னு ஒங்களுக்கே தெரியல. காலையில பன்னண்டு கிலோமீட்டர், சாயங்காலம் பன்னண்டு கிலோமீட்டர், வழி நெடுகக் குத்தத்தத் தூண்டிக்கிட்டே போறீக. திருடனத் தேடிப் புடிக்கிறதெல்லாம் அந்தக் காலம். அவன் ஓடுவான், ஒளிவான், வக்கீல் வைப்பான். பொருளு ஓடுமா? பொருளப் புடிச்சு வச்சுட்டா அவன் என்ன செய்வான்? அடுத்த ஸ்டேஷன் எல்லைக்குப் போயிருவான். அதுதாண்ணே குற்றத் தடுப்பு."

பாண்டீஸ்வரன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தாள் தயாராகிவிட்டது. சைக்கிள், களவு போகும் அபாயத்தில் இருப்பதால் நூறாவது நாள் வரை முன்பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நான்கு காவலர்கள் நின்றார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நின்றார்கள். பன்னிரண்டு நாள்தானே என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வந்த வழியே நடந்தார்.

வீட்டில் டிவிக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. ரேணுகா சீரியல் பார்க்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, களவு போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை, பத்திரமாக இருக்கிறது என்றார். இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் சோறு போட்டாள்.

பஸ் பயணம் மறுபடி தொடங்கியது. சாக்கோட்டை தாண்டும்போது, உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவர் கால் மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தினமும் வேலை முடிந்து நிலையத்துக்குப் போய் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தார் பாண்டீஸ்வரன். முதல் நாள் அது வேப்பமரத்தடியில், பிடிபட்டுத் துருவேறிக் கிடக்கும் மோட்டார் சைக்கிள்களின் நடுவே சாய்ந்திருந்தது. இரண்டாம் நாள் அங்கே காணோம். ஸ்டாண்டு இல்லாத வண்டி என்பதால் இரண்டு முறை கீழே விழுந்ததாகவும், திறந்த வெளியில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் அஞ்சியதாகவும், நிலையத்திலேயே பூட்டுள்ள ஒரே இடத்துக்கு அதை மாற்றியிருப்பதாகவும் புஷ்பவள்ளி சொன்னார்.

அது லாக்கப். உள்ளே சைக்கிள் கம்பியில் சாய்ந்து தனியாக நின்றது. சீட்டு விளையாடிப் பிடிபட்ட இரண்டு பேரை வெளியே வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஃபேன் இருந்தது, இங்கே கொசு கடிக்கிறது என்று அவர்கள் பாண்டீஸ்வரனிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். தன் வண்டியால் அவர்களுக்குச் சிரமம் என்று இவர் மன்னிப்புக் கேட்டார்.

காவலுக்கு நின்றவர் சின்னக்கருப்பன் என்ற காவலர். இளகிய மனசு. லாக்கப்பில் வைத்த எதற்கும் விவரத்தாள் எழுத வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறோம் என்று எடுத்துக் காட்டினார். பெயர்: சைக்கிள். தகப்பன் பெயர்: பாண்டீஸ்வரன். அங்க அடையாளம்: இடது பக்கம் ஒரு கீறல். அந்தக் கீறல் முன்பு கிடையாது. எப்போது விழுந்தது என்று கேட்டார் பாண்டீஸ்வரன். அடையாளம் ஏதாவது எழுதியாக வேண்டுமே அண்ணே என்றார் சின்னக்கருப்பன்.

லாக்கப்பில் ஒன்று என்று கணக்கு இருந்ததால், காலையில் ஓட்டலிலிருந்து நாலு இட்லிப் பொட்டலம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைச் சின்னக்கருப்பன் சாப்பிட்டார். வேண்டுமானால் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைக்கு வந்ததுதானே என்று அவர் சொன்னபோது, அதில் கேலி இல்லை.

நூறாவது நாள் வந்தது. நிலையத்து வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, மேடையில் சைக்கிளை நிறுத்தினார்கள். ஸ்டாண்டு இல்லாததால் இரண்டு காவலர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கைப்பிடிக்கு ரோஜா மாலை. அந்த மாலையைக் கட்டிக் கொடுத்தவள் கருப்பம்மாள். தலையில் கூடையோடு நடந்து வந்து கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று பார்த்தாள்.

முத்தரசு உணர்ச்சியோடு பேசினார். "நூறு நாளா எங்க காவலர்கள் ராப்பகலா ஒழைச்சு எந்தப் புகாரும் வராமப் பாத்துக்கிட்டாங்க. வந்த புகாரையும் வராத மாதிரிப் பாத்துக்கிட்டாங்க. மக்கள் ஒத்துழைப்பு இல்லாட்டி இது நடந்துருக்காது. தங்ககிட்ட இருந்தத எல்லாம் எங்ககிட்ட ஒப்படைச்சுட்டா, மக்களுக்குத் திருட்டுப் பயமே இருக்காதுன்னு நான் உறுதி சொல்றேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெரிய அதிகாரி கேடயம் கொடுத்தார். பிறகு 'நடக்காத குற்றத்தால் பாதிக்கப்படாதவர்' என்று பாண்டீஸ்வரனை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, சைக்கிளின் இருக்கையில் ஒரு கை வைத்தபடி புகைப்படம் எடுத்தார்கள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவர் கை அதன் மேல் பட்டது. டயரில் காற்று இறங்கியிருப்பதைக் குனிந்து அமுக்கிப் பார்க்கப் போனவரை, நேராக நிற்கச் சொன்னார் புகைப்படக்காரர். படம் எடுத்ததும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் வண்டியைக் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் முத்தரசு. ஆனால் எந்த வழியில் விடுவிப்பது என்பதுதான் பிரச்சினை. களவு போய்க் கிடைத்த பொருள் என்றால் நீதிமன்றம் மூலமாகத் தரலாம். இது களவு போகவில்லை. குற்றத்துக்குப் பயன்பட்ட பொருள் என்றால் வழக்கு முடிந்ததும் தரலாம். வழக்கே இல்லை. பாண்டீஸ்வரன் ஒரு வக்கீலைப் பார்த்தார். வழக்கு எண் இல்லாமல் மனுப் போட முடியாது, முதலில் அதைத் திருடச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். ஆலை முதலாளியிடம் சொன்னார். காவல் நிலையத்தை முறைத்துக்கொண்டு லாரி ஓட்ட முடியாது தம்பி என்றார் அவர்.

கடைசியில் முத்தரசே ஒரு வழி சொன்னார். எந்த அபாயத்துக்காக எடுத்து வைத்தோமோ அந்த அபாயம் நீங்கிவிட்டது என்று தெரிந்தால் விட்டுவிடலாம். நிலையத்தின் பழைய குற்றவாளிகள் பட்டியலில் பதினொரு பேர் இருக்கிறார்கள். இந்த சைக்கிளைத் திருட மாட்டேன் என்று பதினொரு பேரிடமும் எழுதி வாங்கி வந்தால் போதும். பட்டியலைப் புஷ்பவள்ளி நகல் எடுத்துக் கொடுத்தார். காவல்துறை ஏன் போய் வாங்கக் கூடாது என்று பாண்டீஸ்வரன் பணிவாகக் கேட்டார். அந்தப் பதினொரு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாங்கள் ஏன் சும்மா இருக்கப்போகிறோம் என்று முத்தரசும் பணிவாகவே பதில் சொன்னார்.

திங்கட்கிழமைகளும், கேட்டு வாங்கிய விடுப்புகளும், கேட்காமல் எடுத்த விடுப்புகளுமாக ஒன்றரை மாதம் அலைந்தார் பாண்டீஸ்வரன். திருடர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். ஒருவர் சைக்கிளின் படத்தைச் செல்போனில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, இதற்குப் பெடல் தனியாக விற்குமே என்று கேட்டு, பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் தன் பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

நாட்டரசன்கோட்டையில் தேடிப் போனவர் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி அக்கம்மாள் வாசலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரன் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விஷயத்தைச் சொன்னார். அவள் கோபப்படவில்லை. காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அவுக போனப்பறம் அவுகளத் தேடி ஒரு சனம் வரல. நீங்கதான் வந்துருக்கீக," என்றாள். "உசுரோட இருந்தா ஒங்க வண்டியத் தொடமாட்டாக. ஏழபாழ பொருள எடுக்க மாட்டாக."

காகிதத்தின் அடியில் கைநாட்டு வைத்தாள். திரும்பும் பஸ்ஸில் பாண்டீஸ்வரனுக்குக் கண் கலங்கியது. அது அக்கம்மாளுக்காகவா, தனக்காகவா என்று தெரியவில்லை.

பதினொன்றாவது ஆள் சோணை. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஒரு காலத்தில் சைக்கிள் என்றால் சோணைதான். இப்போது திருக்கோஷ்டியூரில் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு வருஷத்தில் ஒரு ஜோடி மாறியதில்லை என்று டோக்கனைத் துடைத்துக்கொண்டே சொன்னார். பாண்டீஸ்வரன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஆள் அவர். முன்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்ததைக் கேட்டு, அது சரியான முறை என்று மெச்சினார். மழைக்காலத்தில் அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் வைத்திருப்பார்களே என்று வருத்தப்பட்டார். பிறகு வண்டி இப்போதும் அங்கேயேதான் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஸ்டேஷன்லதான். லாக்கப்ல."

சோணை கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "ரோட்டுல நின்னா நான் எடுத்துருப்பேன். எடுத்தா வித்துருப்பேன். வித்தவன நாலு அடி அடிச்சா வாங்குனவனச் சொல்லிருவான், ஒங்களுக்கும் வண்டி வந்துரும். இது அந்த மாதிரி இல்லியே, சார். வெளிய வர்றதுக்கு வழியே காணமே."

பதினொரு காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் புஷ்பவள்ளியின் மேசையில் வைத்தபோது பாண்டீஸ்வரனுக்கு எட்டுக் கிலோ கூடியிருந்தது. சர்க்கரை இருநூற்றைம்பது. புஷ்பவள்ளி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அக்கம்மாளின் கைநாட்டையும் ஏற்றுக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, பட்டியல் திருத்தப்பட்டுவிட்டது என்றார். இப்போது பன்னிரண்டு பேர்.

பன்னிரண்டாவது யார் என்று கேட்டார். புஷ்பவள்ளி பட்டியலைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். கடைசியில் பாண்டீஸ்வரன் பெயர் இருந்தது.

முத்தரசு அறையிலிருந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "தப்பா எடுத்துக்கிறாதீகண்ணே. நாங்களாச் சேக்கல. கேமராப் பதிவ வச்சுக் கணக்கெடுத்தோம். இந்தப் பதினோரு பேருல ஒருத்தன்கூட இந்த ரெண்டு மாசத்துல சைக்கிளத் தேடி இங்க வரல. நீங்க நாப்பத்தியேழு தடவ வந்துருக்கீக. லாக்கப்புக்கு முன்னால நின்னு பூட்டப் பாத்துருக்கீக. பதினோரு திருடங்களையும் வீடு தேடிப் போயிப் பாத்துருக்கீக. இந்த வண்டிய எடுத்துட்டுப் போகணும்னு இம்புட்டு முயற்சி செய்ற ஆளு வேற யாரு? நீங்களே சொல்லுங்க."

பாண்டீஸ்வரன் யோசித்துப் பார்த்தார். வேறு யாரும் இல்லைதான்.

ஒரு கையெழுத்துதான் பாக்கி, அதுவும் வந்துவிட்டால் கோப்பு முழுமையாகி மேலே போய்விடும் என்றார் முத்தரசு. மேலே போனால் வண்டி வந்துவிடுமா என்று இவர் கேட்டார். கோப்பு மேலே போகாமல் எதுவும் கீழே வராது என்றார் அவர். பாண்டீஸ்வரன் லாக்கப் பக்கம் பார்த்தார். கம்பிகளுக்கு உள்ளே கருநீலமாக அது நின்றது. சங்கிலியில் செம்பழுப்பாக ஏதோ படர ஆரம்பித்திருந்தது. சின்னக்கருப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் உட்கார்ந்து, மேற்படி சைக்கிளை நான் ஒருபோதும் எடுத்துச் செல்ல மாட்டேன் என்று தன் கையாலேயே எழுதி, கீழே பெயரைப் போட்டார்.

கோப்பு அதிசயமான வேகத்தில் மேலே போய்க் கீழே வந்தது. எட்டாவது நாள் கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. ரேணுகா பிரித்து, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். சம்பந்தப்பட்ட பன்னிரண்டு நபர்களும் மேற்படி சைக்கிளை எடுப்பதில்லை என்று தனித்தனியே உறுதியளித்துவிட்டதால், அதற்கு உரிமை கோருவார் எவரும் இல்லை எனத் தீர்மானிக்கப்பட்டு, நிலையத்தின் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்படுகிறது. பாண்டீஸ்வரனின் ஒத்துழைப்புக்கு நன்றி.

படித்து முடித்துவிட்டு அவள் கடிதத்தை மடித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, நாளையிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கலாங்க, நானும் வாரேன் என்றாள்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் காலை, புதுவயல் பஸ்ஸுக்கு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார் பாண்டீஸ்வரன். சாப்பாட்டுப் பை கையில். முதலில் ஒரு ஜீப் மெதுவாக வந்தது. அதன் பின்னால், அரைக்கால் சட்டையும் தலைக்கவசமுமாக முத்தரசு வந்தார், கருநீல சைக்கிளின் மேல். அவருக்குப் பின்னால் இன்னொரு ஜீப். காவலர்களின் உடல்நலத்துக்கான பயிற்சி அது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிலையத்துக்குக் கிடைத்த சைக்கிள் ஒன்றுதான் என்பதால் இன்ஸ்பெக்டரே முன்மாதிரியாக அதைச் செய்துவந்தார். வண்டி களவு போய்விடாதிருக்க முன்னும் பின்னும் காவல்.

பாண்டீஸ்வரனைப் பார்த்ததும் முத்தரசு பிரேக் பிடித்தார். ஜீப்புகளும் நின்றன.

"நல்ல வேள பாத்தேன். பின்னால கியர் மாத்துனா கரகரங்குது, அண்ணே. நாலஞ்சு மெக்கானிக்குகிட்டக் காமிச்சேன், ஒருத்தனுக்கும் புரியல. என்னன்னு பாருங்களேன்."

பாண்டீஸ்வரன் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு மண்ணில் முழங்காலிட்டார். பெடலைக் கையால் சுற்றினார். கரகரவென்றது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கியர் வயர் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைக் கால் சுற்றுத் தளர்த்தினார். காது கொடுத்துக் கேட்டார். இன்னும் அரைக்கால் சுற்று. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக, சுற்றிச் சுற்றித் துடைத்தார். கைக்குட்டை செம்பழுப்பாயிற்று. மறுபடி பெடலைச் சுற்றியபோது சத்தமே இல்லை, காற்று மாதிரி ஓடியது. அவர் இன்னொரு தடவை சுற்றினார், தேவை இல்லாமலேயே.

அதற்குள் புதுவயல் பஸ் வந்து, ஜீப்புகளைக் கண்டு நிற்காமல் போய்விட்டது.

முத்தரசு ஏறி மிதித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். வெளியிலே விட்டிருந்தால் இந்நேரம் என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். மழைக்கு முன்னால் சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும் சார், அடைமழை வந்துவிட்டால் அப்புறம் துரு ஏறிவிடும் என்றார் பாண்டீஸ்வரன்.

சரி என்று தலையசைத்துவிட்டு அவர் போனார். முன் ஜீப், சைக்கிள், பின் ஜீப். சாக்கோட்டைப் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. பாண்டீஸ்வரன் கையைத் துடைத்துக்கொள்ளாமல், அடுத்த பஸ் எப்போது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.